மஸ்கட்காரர் கையெழுத்து

காளவாசலில் பஸ் நின்றபோது, எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு கையெழுத்து அவருக்கே போட வரலக்கா."

"மஸ்கட்டுல இருந்து வந்துட்டாரா?"

"லீவுல வந்துருக்காரு. தங்கச்சி கல்யாணத்துக்கு நகை வாங்கப் பணம் எடுக்கணும்னு பேங்குக்குப் போனாரு. கையெழுத்து ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவரு கணக்குதானத்தா?"

"அவரு கணக்குதான். கணக்கு தொடங்குற பாரத்த மஸ்கட்டுக்கு அனுப்பி வாங்க அம்புட்டு நாளாகும்னு, ஆரம்பத்துலயே அவரு கையெழுத்த நானே போட்டுட்டேன். செக்குலயும் நான்தான் போடுறேன்."

"இப்பவும் நீயே போட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"சொன்னேன். ரோசம் வந்துருச்சு. காலையில இருந்து உக்காந்து, அவரு பேர என்னைய மாதிரி எழுதிப் பழகுறாரு. கடைசிச் சுழிதான் இன்னும் வரல."