துறையில் கேட்ட கைதட்டல்

தண்ணீர் கொதித்துவிட்டால் இந்த மாத்தே இலைத் தேநீர் கசந்துபோகும், ஐயா. கெட்டில் முனகத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். உட்காருங்கள். விசாரிக்க வந்தவருக்கும் விருந்தாளிக்கும் இந்த வீட்டில் ஒரே நாற்காலிதான்.

பர்சோலாவும் இதில்தான் உட்காருவான். நகரத்து வேலையை விட்டுவிட்டு, ஆற்றின் மேல் வளைவில் ஒரு தீவு வீட்டை வாங்கிக் குடிவந்தவன். இங்கே சாலை கிடையாது. படகு இல்லாதவன் கால் இல்லாதவன். பழைய விசைப்படகு ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டு, மெக்கானிக் என்று என்னைக் கூட்டிப்போனான். கயிற்றை இழுத்ததும் இன்ஜின் இருமியது, புகைந்தது, நின்றது.

"என்னண்ணே, வாங்கலாமா? உங்க வாயில என்ன வருதோ அதான் முடிவு."

உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. "வாங்கு தம்பி. சின்னக் கோளாறுதான். நான் இருக்கேன்ல," என்றேன். அதில் பொய் இல்லை. என் மனைவி போனபிறகு இந்த வளைவில் நான் மட்டும்தான் இருந்தேன். பேசாமலே இருந்து என் குரல் எனக்கே அந்நியமாகியிருந்தது.

ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்றை விட்டுவைப்பேன். வாரம் தவறாமல் வருவான். துறையில் படகை நிறுத்திக் கை தட்டுவான். வீட்டுக்காரன் வெளியே வந்து கூப்பிடாமல் இங்கே யாரும் படியேற மாட்டார்கள். "அண்ணே, நம்ம கெழவி மறுபடியும் படுத்துட்டா," என்பான், இன்ஜினைத்தான். ஒரே குடுவையில் மாறி மாறி மாத்தே உறிஞ்சுவோம். பொழுது சாயும்வரை பேசுவான். சந்தோஷமாக இருந்தேன் ஐயா, அதை மறைப்பானேன்.

கடைசியாக வந்தபோது, முதல் குடுவையைத் திருப்பித் தரும்போதே "நன்றி" என்றான். குடுவையோடு நன்றி சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்று பொருள். அதற்குமுன் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

"சனிக்கிழமை டவுனுக்குப் போறேண்ணே. இந்தச் சனியனைத் தள்ளிவிட்டுப் புது இன்ஜின் மாட்டிக்கப் போறேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. எனக்கே வெக்கமா இருக்குல்ல. எப்பப் பாரு உங்க துறையிலயே நிக்கிறேன்."

போகுமுன் ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, பெட்ரோல் குழாயின் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். மறுபடி டவுனுக்குக் கிளம்பினால், அது அதிர்ந்து கழல்வதற்கும் என் வீட்டு வாசல் வருவதற்கும் சரியாக இருக்கும். அவன் துடுப்பையும், விரிசல் விட்டிருக்கிறது, ஒட்டித் தருகிறேன் என்று முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

கணக்கு தப்பவில்லை. சனிக்கிழமை சரியாக என் துறைக்கு எதிரே இன்ஜின் நின்றது. ஆனால் தென்கிழக்குக் காற்று ஏற்றிவிட்ட வெள்ளம் அன்று வடிந்துகொண்டிருந்தது. வடியும் தண்ணீர் எதையும், இந்தக் கிளையாறு போய்க் கலக்கும் பெரிய ஆற்றுக்கு இழுத்துப்போகும். அவன் நடு ஆற்றிலிருந்து கை தட்டினான்.

நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் தட்டட்டும் என்று நினைத்தேன். நன்றி சொன்னவன் அல்லவா. எதிர்க்கரை ஒஃபேலியாவுக்கும் கேட்டிருக்கிறது; கைதட்டல் என்றால் விருந்தாளி, நமக்கென்ன என்று அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில் அவள் தப்பு இல்லை. பிறகு "அன்செல்மோ அண்ணே, அன்செல்மோ அண்ணே" என்று குரல் கேட்டது. நான் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது படகு கீழ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. என் படகு துறையில்தான் கிடந்தது. அதன் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. போயிருந்தால் பிடித்திருக்கலாம். நானாகத் துரத்திப்போய்க் கூப்பிட்டால் அது விருந்தா, சொல்லுங்கள். தானாக வரட்டும் என்று உள்ளே போய்த் தண்ணீரை மறுபடி சுடவைத்தேன். பெரிய ஆற்றில் மணல் ஏற்றிப்போகும் கப்பலின் அடியிலிருந்து அவன் உடலை எடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் கொன்றேன். ஆனால் அவனுக்கு ஒரு கெடுதலும் நான் நினைத்ததில்லை. அதை நிதானமாகத்தான் விளக்க வேண்டும், எழுந்திருக்காதீர்கள். உங்கள் படகைக் கட்டிக்கொடுத்தேனே, அப்போதே அதன் இன்ஜினில் ஒரு வயரைக் கழற்றி ஆற்றில் போட்டுவிட்டேன். குடுவையை இப்படித் தாருங்கள். நீங்கள் இன்னும் நன்றி சொல்லவில்லை.