மேட்டில் நின்றுபோகும் வண்டி

டீசல் வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் பம்பைத்தான் திட்டுவார்கள். பாவம், பம்ப். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்குமேல் அதன்மேல் எந்தத் தப்பும் இருந்ததில்லை.

சென்சார் பழுதா என்று கேட்டீர்கள். இல்லை, அது புதுசு. ஆனால் இதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பம்ப் டீசலை அழுத்தி ஒரு தடித்த இரும்புக் குழாய்க்குள் திணிக்கிறது. அங்கிருந்துதான் அது எஞ்சினுக்குள் பீய்ச்சப்படுகிறது. குழாயின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனில் பிரஷர் சென்சார். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அழுத்தம் கூடினால் வோல்ட் கூடும், குறைந்தால் குறையும். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது என்னவென்றால், கம்ப்யூட்டர் டீசலைப் பார்ப்பதே இல்லை. ஒயர் சொல்வதைத்தான் நம்புகிறது. ஒயர் வாயை மூடிக்கொண்டால், குழாய் நிறைய டீசல் இருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிடும்.

அப்போது பழுது காட்டும் ஸ்கேனரைச் சொருகினால் பிரஷர் சென்சார் சிக்னல் வரவில்லை என்று காட்டும். அவசரக்காரர்கள் உடனே சென்சாரைக் கழற்றி எறிவார்கள். ஸ்கேனர் சென்சாரைக் குற்றம் சொல்லவே இல்லை. சிக்னல் வந்து சேரவில்லை என்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஒயர் இருக்கிறது, ஒயரின் முனையில் கனெக்டர் இருக்கிறது, கனெக்டருக்குள் சென்சாரின் முனைகளைக் கவ்விப் பிடிக்கும் சின்னச் சின்ன உலோகப் பற்றுகள் இருக்கின்றன. அதில் ஒன்று தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. எஞ்சின் சூடேறி, பாரம் தாங்கி அதிரும்போது விட்டுப்போகும். ஆறவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

மாப்பிள்ளையின் வண்டி முதல் தடவை நின்றதும் அப்படித்தான். அதில் என் கை இல்லை. மகளும் அவரும் இங்கே வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் பட்டறையைத் தாண்டினால் ஊர் முடிகிற இடத்தில் ஒரு நீள மேடு இருக்கிறது. பாதி மேட்டில் நின்றுவிட்டது. போய்க் கட்டி இழுத்துவந்தேன். தளர்ந்த பற்றைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஊசி முனையால் நெருக்கிவிட்டால் தீர்ந்தது. நெருக்கினேன். ஆனால் நாளைக்குத்தான் முடியும் என்று சொன்னேன்.

அவள் அம்மா போனபிறகு இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அன்று மாலை சமையலறையில் பாத்திரம் உருண்டது, அவள் சிரித்தாள், என் சட்டையை மோந்துபார்த்து, இதைத் துவைத்து எத்தனை நாளாச்சு என்று ஏசினாள். உங்களுக்கு மகள் இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த தடவை வந்தபோது அதே ஊசியால் பற்றைத் தளர்த்தினேன். மேட்டில் நின்றது. அதற்கடுத்த தடவையும். மேட்டில் நிற்கும் வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. எல்லோரும் அங்கே ஊர்ந்துதான் போவார்கள். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொல்வார். “மாமா, என் வண்டி உங்க ஊர் எல்லையத் தாண்டவே மாட்டேங்குது. அப்படியே உங்க பொண்ணு பிடிவாதம்.”

“வண்டிக்காவது எங்கப்பா மேல பாசம் இருக்கே,” என்பாள் அவள்.

ஒருமுறை என்னிடம் சொல்லாமல் வேறு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே சென்சாரை மாற்றினார்கள், டீசல் பில்டரை மாற்றினார்கள், கனெக்டரைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு வருத்தம்தான். தொழில் தெரிந்தவன் அப்படி விடமாட்டான்.

பிறகு அவருக்குத் தூரத்தில் வேலை மாற்றலாயிற்று. இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. விடைபெற வந்தார்கள். இவ்வளவு தூரம் போகிற வண்டி, ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை சாவியைக் கையில் கொடுத்தார். எண்ணெய் பார்த்தேன், பிரேக் பார்த்தேன், டயரில் காற்று நிறைத்தேன். பற்றை எப்போதையும்விடக் கொஞ்சம் அதிகமாகத் தளர்த்தினேன். இன்னும் ஒரு நாள் இருப்பாள். கேட்டது அவ்வளவுதான்.

கிளம்பிய சற்று நேரத்தில் போன் செய்தாள். “அப்பா, மேட்டு ரோட்ட மூடிட்டாங்க, ஏதோ வேலை நடக்குதாம். பைபாஸ்ல போறோம். இந்தத் தடவ நிக்காது, பாருங்க.”

மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல் என்றேன்.

“அவரா? முன்னால ஒரு லாரி போனா, அதத் தாண்டுற வரைக்கும் அவருக்கு இருப்புக் கொள்ளாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இதையும் விளக்கிவிடுகிறேன். லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்கு அது மேடு மாதிரிதான். அதே பாரம், அதே அதிர்வு. எங்கே விட்டுப்போகும் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதி தாண்டியிருப்பார், பக்கத்தில் லாரி இருக்கும், எதிரில் வண்டி வரும். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். அதைச் சொன்னால் அதற்குப்பிறகு அவள் இந்த வீட்டு வாசலை மிதிப்பாளா?

“சரிம்மா, போய்ச் சேந்ததும் கூப்பிடு,” என்றேன்.

மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். இவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆமாம், நான்தான் செய்தேன். தளர்த்தியதும் நான், தெரிந்தே வாயை மூடிக்கொண்டதும் நான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

குரலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், உள்ளே தூங்குகிறாள். காலையில் நான்தான் தூக்கி உட்காரவைக்கிறேன், தலை வாரிவிடுகிறேன். அவளும் முன்போல் சிடுசிடுப்பதில்லை. அவள் இங்கே இருப்பதுதான் நல்லது என்று டாக்டர்கூடச் சொன்னார்.

என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதானால் வருகிறேன், மறுக்கவில்லை. சனிக்கிழமை வரை மட்டும் பொறுக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அவளைத் தங்களோடு கூட்டிப்போக வருகிறார்கள். அவர்களுடையதும் டீசல் வண்டிதான், பழசு வேறு. கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.