முகம் சிவக்கும் மாத்திரை

– சாவியக் குடு தேவிகா. செகண்ட் ஷிப்டுக்கு சங்கு ஊதிட்டான்.

– குடுக்க மாட்டேன். கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா சுமாப்பா? காது வரைக்கும் செவந்து கீது. இதோட மைன்ஸ் கேட்டுக்குப் போவீங்களா?

– மூஞ்சி செவந்தா குடிச்சிட்டேன்னு அர்த்தமா? அம்மா தாயே, சும்னே கத்தாத. பக்கத்து குவார்ட்டர்ஸுக்குக் கேக்கும்.

– கேக்கட்டும். போன தடவை கேட்ல புடிச்சப்போ உங்க மேனேஜர் முனிரத்தினம் சார் இன்னா சொன்னாரு? ‘ஞானதாஸ், இன்னொரு வாட்டி குடிச்சிட்டு வந்தா வேலை காலி’ன்னாரா இல்லியா? மைன்ஸையே மூடப் போறாங்கன்னு ராபர்ட்சன்பேட்டை முழுக்கப் பேச்சு. இந்த வேலையும் போச்சுன்னா நாம எங்க போறது?

– இது கொழுப்புக்கு டாக்டர் குடுத்த நியாசின் மாத்திரைடி. வைட்டமின்தான். எத்தினி வாட்டி சொல்றது?

– வைட்டமின் துன்னா மூஞ்சி இன்னாத்துக்கு எரியுது?

– மாத்திரை உள்ள போனதும் தோலுல ஒரு கெமிக்கல் சுரக்குமாம். அதால தோலுக்கு அடியில கீற பொடி ரத்தக் குழாயெல்லாம் விரிஞ்சிக்கும். ஷிப்ட் வுட்டதும் சுரங்கத்து லிஃப்ட்டுல கேஜ் கேஜா ஜனம் மேல வர்றாப்புல, ரத்தம் தோலுக்கு வந்துரும். செவக்கும், எரியும், அரிக்கும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும்.

– டாக்டரே சொன்னாரா?

– ஆமா தாயே!

– வாயில கிராம்பு இன்னாத்துக்கு?

– பல்லு வலி. ஜெயில்ல கூட இப்பிடிக் கேக்க மாட்டாங்க. சன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு. மூச்சு முட்டுது எனக்கு.

– எனக்கு மட்டும் இன்னா? நானும் இதே பூட்டுக்கு உள்ளதானே கீறேன். இன்னிக்கும் அந்த மாத்திரைதானா?

– சுமா மேல சத்தியம். சோறு துன்னதும் டப்பாவுலேர்ந்து எடுத்துப் போட்டேன். வேற ஒண்ணும் தொடல.

– புள்ள மேல சத்தியம் பண்ணாதீங்க.

– நம்பிக்கை இல்லேன்னா மெடிக்கல் ஷாப்புல போய்க் கேளு!

– நேத்தே கேட்டேங்க. நீங்க சொன்னதையேதான் அவரும் சொன்னாரு. வர்ற வழியெல்லாம் சந்தோஷத்துல அழுதுகினே வந்தேன்.

– அப்புறம் இன்னா? கதவைத் திற.

– அப்புறமும் பாழாப்போன மனசு அடங்கல. இன்னிக்கு ஒரு நாள் மூஞ்சி செவக்காம இருந்தா உங்க காலைப் புடிச்சி மன்னிப்பு கேட்டுரலாம்னு இருந்தேன். அதான் காலையில உங்க நியாசினை எடுத்து ஒளிச்சி வச்சிட்டேன். டப்பாவுலேர்ந்து நீங்க எடுத்துப் போட்டது சுமாவோட கால்சியம் மாத்திரைங்க.