முன்பக்க வலது சக்கரம்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் ஐயா. மூன்றாவது சுற்றுக்கு ஒரு முறை முனகுகிறது. சத்தம் என்றால் என் காது தானாகப் போய் நின்றுவிடும். பழக்கம்.

அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுகிறீர்களா? என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். அவருக்கு இப்போது காது கேட்கிறது.

எங்கள் பிரேக் பட்டறையைப் பற்றித் தெருவில் விசாரித்திருப்பீர்கள். அவருக்குக் கை, எனக்குக் காது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவர் காது போயிற்று. என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், வேறு யார் உதடும் அவருக்குப் பிடிபடாது. ஒரு வண்டி வந்தால் ஓட்டுபவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சுற்று போய்வருவேன். கீச்சென்றால் தூசி. கரகரவென்றால் பட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது, அதற்குப் பிறகு அந்த பிரேக்குக்கு ஆயுசு கொஞ்சம். எந்தச் சக்கரம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அதை மட்டும் கழற்றுவார். மற்றதைத் தொடவே மாட்டார். நான் சொன்னால் சொன்னதுதான்.

தெருவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தையல்காரி மருமகன் கோபித்துக்கொண்டு போன செய்தி அவளுக்கு எட்டும் முன்பே, அவன் கிளட்சை மிதித்த மிதியில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர்வம்பு என்பார்கள். சொல்லட்டும், கேட்க வருவதும் அவர்கள்தானே.

காது டாக்டரம்மா அன்று காலையில் பிரேக் பார்க்கச் சொல்லி வண்டியோடு வந்தார். நல்ல மனுஷி, ஆனால் கொஞ்சம் வாய். முதல் திருப்பத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, முன்பக்க வலது சக்கரம். கரகரவென்று எலும்பை அரைப்பது போல. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணனுக்குக் காது முழுசாப் போகலைம்மா. மணி அடிச்சா திரும்பிப் பாக்குறாரே. ஒரு மெஷின் வெச்சா பேச்சே கேக்கும். இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர்கூடவா சொல்லலை?"

சொன்னார்கள் ஐயா. கல்யாணமான புதிதில் ஒருவர் இதே வார்த்தையைச் சொன்னார். நான்தான் என் வீட்டுக்காரரிடம், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றாருங்க" என்று மாற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அதோடு விஷயம் முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் நிம்மதியாக ஓடியது.

சின்னச் சின்னதாக வேறு சிலவும் உண்டு. அவர் தம்பி வாசலில் நின்று, "அண்ணி, அண்ணனை ஒரு வாரம் எங்க வீட்டுல விடுங்களேன்" என்று அழுதான். இவரிடம், இனி உங்கள் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்கிறான் என்று சொல்லி முடித்துவிட்டேன். வீட்டில் அவரைப் பற்றி நான் சத்தமாக என்ன பேசுவேன் என்பது சுவருக்குத்தான் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் அல்ல, பக்கத்திலேயே நின்று, உதட்டை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. அந்த மெஷினைப் பற்றி என் வீட்டுக்காரர் அறிந்துகொண்டால், ஏன் முன்பே வைக்கவில்லை என்றுதானே முதலில் கேட்பார்? அந்தப் பயத்தை உங்களுக்கு விளக்க முடியாது. கரகரப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்குத் திரும்பியபோது பயம் இல்லை.

சீட்டில் பின்பக்க இடது சக்கரம் என்று எழுதினேன்.

வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சக்கரத்தின் பிரேக் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சிறு கல்லைச் செருகினேன். கழற்றியதும் அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "உன் காதுக்குக் கண்ணாடியே வேணாம்" என்றார். இது அவருடைய பழைய ஜோக். சோதனை ஓட்டத்துக்கு வழக்கம்போல நான் பக்கத்து வீட்டு டிரைவரோடு போனேன். வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சாயங்காலம் டாக்டரம்மா சாவி வாங்க வந்தபோது, "ரெண்டு நாளைக்குச் சத்தம் இருக்கும் டாக்டர், பழகினா போயிடும்" என்றேன். சரி என்றவர், பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார்.

"மனசு கேக்கலைம்மா. இது சோதனைக்கு வெச்சிருக்கிறது. இன்னைக்கே போட்டுப் பாத்துடுவோம்."

நான் தடுப்பதற்குள் இவர் காதில் அது ஏறிவிட்டது. "கேக்குதா அண்ணே?" என்றார். இவர் குழந்தை மாதிரி அழுதார். நான் வாயே திறக்கவில்லை.

டாக்டரம்மா கையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார். தெருக்கோடியில் பள்ளிக்கூட வேன் ஒன்று குறுக்கே வர, பிரேக் போட்டு நின்றார். அதைத் தாண்டினால் மலை இறக்கம். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது என்ன சத்தம்?"

வேன் நகர வெகுநேரம் ஆயிற்று ஐயா. நிறுத்துங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். இவர் காதில் மெஷின் ஏறிவிட்டது, இனி டாக்டரம்மா பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் கத்தினால் இவருக்கும் கேட்குமே. ஏன் கத்தினாய், எந்தச் சக்கரம் என்று கேட்பாரே.

"எல்லா வண்டியும் அப்படித்தாங்க போகும்" என்றேன்.

அவர் காதால் கேட்ட என் முதல் வார்த்தை அது. "உன் குரல் நல்லா இருக்கு" என்றார்.

கால் மணி நேரத்தில், இறக்கத்தில் டாக்டரம்மா வண்டி நிற்கவில்லை என்று செய்தி வந்தது. வேலை செய்தவர் அவர் என்று அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. கதவைத் திறந்ததும் நீங்கள் அவரிடம் நேராக எதுவும் சொல்லிவிடாதீர்கள், பயந்துவிடுவார். நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.