என் நத்தையின் ஒரே குன்று

நத்தை என்றதும் பலரும் முகம் சுளிப்பார்கள். நீங்கள் சுளிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் உங்களிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் துண்டாடி விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து முதுகலை வரை போனது நான் ஒருவன்தான். உயிரினப் பாதுகாப்பு படிக்கிறேன் என்றபோது, "அப்ப ஜூவுல வேலையாடா சூசை?" என்று அப்பா கேட்டார். ஆனாலும் பெருமை தாங்காமல் மாதா கோயிலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டுக்கறி போட்டார்.

ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் ஒவ்வொன்றும் தனி உலகம். ஒரு குன்றின் நத்தை அடுத்த குன்றில் இல்லாமல் போகலாம். பச்சைப்பயறு அளவு நத்தை ஒன்று ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்கிறது, உலகில் வேறெங்கும் இல்லை. இதுதான் என் ஆய்வு. இந்த வரியைப் படித்ததும் பேராசிரியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். லண்டனில் மேற்படிப்பு என்றுகூடப் பேச்சு அடிபட்டது. எங்கள் துறையில் அழியப்போகிற பிராணிக்குத்தான் மரியாதை. நன்றாகப் பிழைத்திருப்பதை யாரும் சீந்த மாட்டார்கள்.

ஜெயபாலன் என் வகுப்புத் தோழன். தைப்பிங்காரன், தாய்க்கு ஒரே மகன். அவனுக்கு வௌவால் ஆய்வு. கல்குவாரிக்காரர்கள் உடைத்துக்கொண்டிருந்த வேறொரு குன்றின் குகைக்கு அவன் போகவேண்டியிருந்தது. மாணவர்கள் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. எனவே நானும் துணைக்குப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குன்றேறுபவர்கள் காவல் குடிலில் ஆளுக்கொன்றாக வாங்கும் பித்தளை வில்லையை அங்கிருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு ஏறவேண்டும், இறங்கியதும் கழற்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆணியில் ஒரு வில்லை தொங்கினாலும் வெடி வைக்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான்.

குகை வாசலிலிருந்து ஜெயபாலன் கத்தினான். "மச்சான், உன் நத்த இங்கயும் இருக்கு லா. சொவரெல்லாம் அப்பிக் கெடக்கு. இனிமே அது அழியாது, நீ கவலப்படாதே."

அவனுக்கு அத்தனை சந்தோஷம். எனக்கோ என் ஆய்வின் முதல் வரியே பொய்யாகிப்போனது.

"புரொபஸர்கிட்ட இப்ப சொல்லாதடா" என்றேன்.

"ஏன்டா? நல்ல சேதிதானே? நாளைக்கே சொல்லிடுறேன்" என்றவன், வௌவால் எண்ண உள்ளே போனான்.

நான் இறங்கினேன். ஆணியில் தொங்கிய இரண்டு வில்லைகளையும் கழற்றிக் காவலாளி பத்துமலையிடம் கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் எறங்கியாச்சா தம்பி?"

"வில்ல ரெண்டும் உங்க கையில இருக்கே அண்ணே."

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். எச்சரிக்கைச் சங்கு ஊதினார்கள். குகைக்குள் அது எவ்வளவு கேட்டிருக்குமோ, தெரியாது. பிறகு வெடித்தது. அந்தப் பக்கம் முழுதும் சரிந்தது. என் ஆய்வின் முதல் வரி மறுபடி உண்மையானது.

ஜெயபாலன் யாருக்கும் சொல்லாமல் மறுபடி ஏறியிருப்பான் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். பத்துமலைக்கு மட்டும் ஒருவனே இரண்டு வில்லைகளைக் கொடுத்தது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் படித்தவன் உணர்ச்சியையும் அறிவியலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனித இனம் அழிவின் விளிம்பில் இல்லை.

அதன் பிறகு என் குன்றை நினைத்துத் தூக்கம் வரவில்லை. வேறு யாராவது வந்து அள்ளிவிட்டால்? கல்குவாரிக்காரர்கள் அங்கேயும் வந்துவிட்டால்? வாரக்கணக்கில் பாறை பாறையாகத் தேடி, கண்ணில் பட்ட அத்தனை நத்தைகளையும் நானே பொறுக்கி, கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய குப்பிகளில் போட்டு வைத்தேன். பாதுகாப்பு என்பது வெறும் பேச்சல்ல. அதுவரை பெயரிடப்படாத அந்த இனத்துக்கு ஜெயபாலன் பெயரையே சூட்டினேன். இந்த மரியாதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அதைச் சொல்லிவிட்டு வரத் தைப்பிங்குக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள பேரு வச்ச நத்தைய ஒரே ஒரு தடவ உசுரோட பாக்கணும் தம்பி. கூட்டிட்டுப் போறியா?"

உயிரோடு ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி, கொண்டுபோயிருந்த குப்பியை அவர் மடியில் வைத்தேன். அவர் ஏன் அப்படிக் கதறினார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஐயா.