பால் நிறச் சீட்டில் சேற்றோடு உட்கார்ந்தவன்

சொல்லைச் சுருக்கி, மனத்தைப் பெருக்கி, இந்த ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் வாடகைக்கார் ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே! எங்கள் இஞ்சின் இருமினால் தன் இதயம் துடிக்கும் மெக்கானிக் அண்ணன் அவர்களே! "பத்தே நிமிஷம்ணே, சொல்லிட்டேன்" என்று காதைக் கடித்து என்னை மேடையேற்றிய செயலாளர் தம்பி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! தூங்கும் பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு என் பேச்சையும் பொறுத்தருள வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்த எளியவனின் கைகூப்பிய வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, வெளிர்நிற லெதர் சீட்டை அழுக்கில்லாமல் காப்பது எப்படி என்பது. என்னைவிட்டால் இதற்கு ஆள் ஏது? இந்த ஸ்டாண்டில் என் பட்டப்பெயர் என்ன?

ஆமாம், பின்னாலிருந்து கத்தியவர் சரியாகத்தான் கத்தினார். "தொடாதே!" அதுதான் ஐயா என் பெயர்.

பால் நிறச் சீட்டு போட்ட கார் வாங்கினேன். பார்த்தேன், பூரித்தேன், பைத்தியமானேன்! தூசியை உறிஞ்சி எடுக்காமல் துணி போடலாமா? கூடவே கூடாது, தூசியோடு தேய்த்தால் தோல் கீறிவிடும். சோப்பு நுரையைச் சீட்டில் கொட்டலாமா? கூடாது, மென்மையான சோப்புநீரில் துணியை நனைத்து, பிழிந்து, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். தையல் ஓரத்துக்கு என்ன? குழந்தைகளின் பல்துலக்கும் பிரஷ்! வெயிலில் காய வைக்கலாமா? நிழல்தான், நிழல் மட்டும்தான்! காய்ந்தபின் லெதர் க்ரீமை மெல்லிசாகப் பூசிவிட்டால், எது சிந்தினாலும் சட்டென்று உள்ளே இறங்காது. சிந்திய உடனே ஒற்றி எடுங்கள். ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்! எழுதிக்கொள்கிறீர்களா? எழுதுங்கள், எழுதுங்கள்.

இதெல்லாம் சரி. நான் செய்த தப்பு வேறு. காருக்குள் ஒரு போர்டு மாட்டினேன். பேனா கூடாது. பிஸ்கட் கூடாது. சாயம் போகும் ஜீன்ஸ் கூடாது. தலை சாய்க்கக் கூடாது, எண்ணெய் ஒட்டும். அதைப் படித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, ஏறவே கூடாதுன்னு ஒரே வரியில எழுதிடுங்களேன். பெயின்ட்டாவது மிச்சமாகும்."

கேட்டேனா? நானா கேட்பவன்!

எங்கள் மாடிவீட்டில் ஒரு தங்கை குடியிருந்தாள். துணி தைக்கும் கம்பெனியில் வேலை. வேலையில் அயர்ந்து, மழையில் நனைந்து வந்தவளை ஒருநாள் வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டேன். சும்மா ஏற்றினேனா? சீட்டில் செய்தித்தாளை விரித்து, "இது மேல உக்காரும்மா" என்றேன். அவள் இறங்கியதும் தாளை எடுத்தால், அன்றைய தலைப்புச் செய்தி முழுக்கச் சீட்டில் அச்சாகியிருந்தது! ஈரத்தில் மை இறங்கிவிட்டது. தாளை விரித்தது யார்? நான். திட்டு வாங்கியது யார்? அவள். தெருவே பார்க்க, "ஈரத்தோட ஏறுறியே, அறிவிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். தண்ணீர் சொட்டச் சொட்ட மாடியேறிப் போனாள். மையை எடுக்க மூன்று நாள் ஆனது. அந்த வார்த்தையை எடுக்க எந்தக் க்ரீம் இருக்கிறது, சொல்லுங்கள்!

சில மாதம் கழிந்தது. ஒரு மத்தியானம், கொட்டுகிற மழை. நிறைமாதமாக இருந்த அந்தத் தங்கைக்கு வலி வந்துவிட்டது. கணவர் வெளியூரில். ஆம்புலன்ஸ் எங்கோ தண்ணீரில் மாட்டிக்கொண்டது. என் மனைவி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். நான் கார் கதவைத் திறந்து நிற்கிறேன். அவள் ஏறவில்லை! கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்: "வேணாம்ணே. பனிக்குடம் உடைஞ்சிருச்சு. உங்க சீட்டு வீணாயிடும். ஆட்டோ ஏதாச்சும் பாருங்க."

தாய்மார்களே! உயிர் போகிற வலியில் ஒரு பெண் என் சீட்டுக்காகப் பயப்படுகிறாள். அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தவன் நான்! கூனிக் குறுகிப் போனேன்.

போர்டைப் பிடுங்கித் தெருவில் வீசினேன். மை பட்ட பிறகு மாட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் சீட்டு உறையை உருவி எறிந்தேன். அப்போதும் அவள் தயங்கினாள். முழங்கால்வரை சேறு எனக்கு. அந்தச் சேற்றோடு பின்சீட்டில் ஏறி, நன்றாக நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து எழுந்தேன். "பாரும்மா, நானே அழுக்காக்கிட்டேன். இனிமே நீ எதுக்குப் பயப்படணும்? ஏறு!" என்றேன்.

ஏறினாள்! ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள், என் மனைவியின் கைகளில், அந்தப் பால் நிறச் சீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது!

(கைதட்டலை எனக்குத் தராதீர்கள் ஐயா, என் மனைவிக்குக் கொடுங்கள். அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு!)

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்தத் தங்கை என்னைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "மன்னிச்சிருங்கண்ணே, சீட்டு..." என்றாள். வாய்விட்டு அழுதேன்.

காரை ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றேன். யார் வந்தது? நீங்கள்தான் வந்தீர்கள்! ஆளுக்கொரு துணியோடு ஆறு பேர். "வெந்நீர் வேணாம்டா, ரத்தம் படிஞ்சிரும், பச்சைத் தண்ணில ஒத்து" என்று மெக்கானிக் அண்ணன் அதட்ட, ஒற்றி, துடைத்து, உலர்த்தி, சாயங்காலத்துக்குள் பழையபடி பால் நிறம்! மாதந்தவறாமல் க்ரீம் பூசிய தோல் என்பதால் உள்ளே எதுவும் இறங்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் யாரும் உட்காராமல் இருக்க அல்லவா துடைத்தேன்? யாராக இருந்தாலும், எந்த நிலையில் வந்தாலும், தயங்காமல் உட்காரத்தானே அதைத் துடைக்க வேண்டும்! அந்த ஆறு பேருக்கும் என் நன்றி, ஆயுசுக்கும் நன்றி.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது. பிஸ்கட்டோடுதான் ஏறுவாள். "இது நான் பொறந்த வண்டி" என்று ஊரெல்லாம் சொல்வாள். நான் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது அலுப்பே இல்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. தங்கச்சி, அங்கேதானேம்மா இருக்கிறாய்? அன்று தெருவே பார்க்கத் திட்டினேன். இத்தனை வருஷம் வீட்டுக்குள் நூறு தடவை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தெருவில் திட்டியவன் சபையில்தான் கேட்க வேண்டும். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு அம்மா.

என்ன சொல்கிறாள்? மைக்கை அங்கே கொடுங்கள்... "எப்பவோ மன்னிச்சாச்சு, கீழ இறங்குங்கண்ணே. பாப்பா தூங்கி விழறா, வீட்டுக்குப் போகணும்" என்கிறாளா?

இதோ வந்துவிட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. அன்று துணி பிடித்த கைகளுக்கு நன்றி. அத்தனைக்குப் பிறகும் என் வண்டியில் ஏறிய அந்தக் கால்களுக்கு நன்றி. கதவு திறந்தே இருக்கிறது தங்கச்சி, பிள்ளையைச் சீட்டிலேயே படுக்க வை. வருகிறேன், வணக்கம்.