நடு நாற்காலி மூஞ்சி

பேசாதீங்க சார், பஞ்சு வெளிய வந்துரும். கன்னத்துக்குள்ள ஒதுக்கிக்கோங்க, எச்சில்ல நல்லா ஊறட்டும். ஆமா, இதான் கடைசி. சோதனை முடிஞ்சுபோச்சு. தலைய மட்டும் ஆட்டுங்க போதும்.

இந்தாங்க, வேர்வையத் தொடைச்சுக்கோங்க. ஏசியா? ஓடிட்டுத்தான் இருக்கு சார்.

காலைல வாசல்ல நின்னுக்கிட்டு என்ன சொன்னீங்க? டென்ஷனெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், என் எச்சில்ல ஒண்ணும் கெடைக்காதுன்னு. எனக்கு அப்பவே நாக்கு துறுதுறுன்னுச்சு. சோதனை முடியறவரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு.

இப்பச் சொல்லலாம். கார்ட்டிசோல்னு ஒரு ஹார்மோன். பதட்டம் வந்தா எச்சில்லயும் ஏறும். நாலு பேர் முன்னால நிக்க வச்சுக் கேள்வி கேட்டா, சராசரியாப் பாத்தா ஆம்பளைங்களுக்குத்தான் அது கூட ஏறுதாம். பொம்பளைங்களும் உள்ளுக்குள்ள பதறுவாங்க, ஆனா இது அந்தளவுக்கு ஏறாது. மாசத்துல எந்த நாளுங்கிறதப் பொறுத்தும் மாறும். கண்ண உருட்டாதீங்க, எல்லா ஆம்பளையும் அப்படின்னு நான் சொல்லல. உங்களுக்கு எப்படின்னு மெஷின் சொல்லட்டும்.

என்ன, உங்க எச்சில் குழாய மாத்திருவேனோன்னு பாக்கறீங்களா? சேச்சே. அதுக்கு அவசியமே இல்ல.

உள்ள உங்கள நிக்க வச்சுக் கேள்வி கேட்டாங்கள்ல மூணு பேர், அதுல நடு நாற்காலி அம்மா தங்கமானவங்க. வெளிய வந்தா சிரிச்ச மொகம்தான். உள்ள சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாதுன்னு சட்டம். பாவம், அவங்களுக்கு அது வரவே இல்ல. நான்தான் பக்கத்துல ஒக்காந்து பழக்குனேன். பேனாவ டக்கு டக்குன்னு அமுக்குங்க. பாதிப் பேச்சுல ஜன்னலப் பாருங்க. ஆளு தடுமாறுனா, ம், அப்புறம்னு இழுங்கன்னு.

எங்க கத்துக்கிட்டேனா? உங்ககிட்டதான் சார்.

முன்னாடி நான் இருந்த சரக்கு லாரி ஆபீஸ்ல சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. எட்டு வருஷமா அந்த வேலைய நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன், பதவி மட்டும் இல்ல. நீங்க நடு நாற்காலி. இதே பேனா, இதே ஜன்னல். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெளிய வந்தேன். அழற பொம்பளைக்கு எதுக்கு அதிகாரம்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லிச் சிரிச்சீங்க. கதவு சரியாச் சாத்தல.

மாஸ்க்கக் கழட்டட்டுமா? ஆங், இப்பத் தெரியுதா?

சரி, பஞ்ச இந்தக் குழாய்ல துப்புங்க. இனிமே தாராளமாப் பேசலாம்.

ம், அப்புறம்?